வேலைக்கு முன்பே வந்துவிடும் வசூல்

பிரிட்டனில் ஜூலை, பட்டமளிப்பு விழாக்களின் மாதம். கறுப்பு அங்கி அணிந்து பெற்றோருடன் படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்களில் பலருக்கு, அதே கோடையில் வங்கியிடமிருந்து ஓர் அறிவிப்பும் வந்து சேர்கிறது. அவர்களுடைய மாணவர் கணக்கு இனி பட்டதாரிக் கணக்காக மாறும். இதுவரை வட்டியில்லாமல் கிடைத்துவந்த ஓவர்டிராஃப்ட் வரம்பு ஆண்டுக்கு ஆண்டு குறையும் என்பதே அதன் சாரம். படிப்புக் காலம் முழுவதும் அந்த வரம்பின் விளிம்பிலேயே வாழ்ந்து பழகிய ஒருவருக்கு இதன் பொருள் ஒன்றுதான்: சொன்ன தேதிக்குள் ஆயிரம் பவுண்டு புரட்டியாக வேண்டும். அறிவிப்பில் தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது; ‘உனக்கு வேலை கிடைத்ததா?’ என்ற கேள்வி இல்லை.

அந்தக் கேள்வி இருக்க வேண்டும். கொடுத்த கடனைத் திரும்பப் பெற வங்கிக்கு முழு உரிமை உண்டு. ஆனால், வசூல் எப்போது தொடங்க வேண்டும் என்பதைப் பட்டம் பெற்ற தேதி முடிவுசெய்யக் கூடாது. சம்பளம் வரத் தொடங்கிய தேதிதான் முடிவுசெய்ய வேண்டும். அதே நாட்டின் அரசு, அதே இளைஞர்களுக்குக் கொடுக்கும் பெரிய கல்விக் கடனில் இந்த நியாயத்தை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. சிறிய கடனில் மட்டும் அது ஏன் இல்லை?

கடன் சேரும் விதம்

கணக்கில் இருப்பு தீர்ந்த பிறகும் ஒரு வரம்பு வரை பணம் எடுத்துக்கொள்ள வங்கி தரும் அனுமதிதான் ஓவர்டிராஃப்ட். நம் ஊர் வியாபாரிகள் ‘ஓ.டி.’ என்று சொல்வதும் இதைத்தான். பிரிட்டனில் சாதாரணச் சம்பளக் கணக்குகளிலும் இது உண்டு. மாணவர் கணக்கில் இதற்கு வட்டி கிடையாது என்பதுதான் சிறப்பு. படிப்பு முன்னேற முன்னேற வரம்பும் உயர்ந்து, மூன்றாம் ஆண்டில் சில வங்கிகளில் 3,000 பவுண்டு வரை போகிறது. பதினெட்டு வயதில் கணக்குத் தொடங்குபவர் பிறகு அங்கேயே சம்பளம் வாங்குவார், அங்கேயே வீட்டுக் கடன் கேட்பார் என்ற எதிர்பார்ப்பில் வங்கிகள் போட்டி போட்டுக்கொண்டு இந்தச் சலுகையைத் தருகின்றன.

மாணவர்கள் இதை நாடுவதற்கான காரணமும் தெளிவானது. இங்கிலாந்தில் கல்விக் கட்டணத்துக்கான அரசுக் கடன், மாணவர் கைக்கு வராமல் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுகிறது. வாடகைக்கும் சாப்பாட்டுக்குமான வாழ்க்கைச் செலவுக் கடன் தனியாக, ஆண்டுக்கு மூன்று தவணைகளில், ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வருகிறது. செலவு அப்படி மூன்று தவணையில் வருவதில்லை. பெற்றோரின் வருமானம் கூடக் கூட இந்தக் கடன் தொகை குறையும்; குறைந்ததைக் குடும்பம் ஈடுகட்டும் என்பது அரசின் எதிர்பார்ப்பு. குடும்பத்தால் முடியாதபோது அந்தப் பள்ளத்தை ஓவர்டிராஃப்ட் நிரப்புகிறது.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததல்ல. முழுநேரப் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகை கொடுப்பதை 1962ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாக்கியது. 1990இல் அரசு மாணவர் கடன் அறிமுகமானது. உதவித்தொகையின் மதிப்பு தேயத் தொடங்கியது. 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு கல்விக் கட்டணம் வந்தது. அந்தக் கட்டணத்தின் உச்சவரம்பு இங்கிலாந்தில் 2006இல் 3,000, 2012இல் 9,000, 2025இல் 9,535 பவுண்டு என ஏறியது. இடையில் ஒருமுறை நிறுத்தப்பட்டு மீண்டும் வந்த உதவித்தொகையும், 2016இல் இங்கிலாந்தின் புதிய மாணவர்களுக்கு நின்றுபோய், அதன் இடத்தில் கடன் வந்தது. ஓவர்டிராஃப்டில் மூழ்கியிருக்கும் மாணவரை ஊதாரி என்று ஏசுபவர்கள் இந்த வரலாற்றையும் பார்க்க வேண்டும். முந்தைய தலைமுறைக்கு அரசு திருப்பிக் கேட்காமல் கொடுத்த சாப்பாட்டுச் செலவை, இந்தத் தலைமுறை கடனாக வாங்கித்தான் சமாளிக்கிறது.

படிகளும் வட்டியும்

பட்டதாரிக் கணக்கில் வழக்கமான ஏற்பாடு இப்படி இருக்கும்: படிப்பு முடிந்த முதலாண்டில் 3,000 பவுண்டு வரை வட்டியில்லை, இரண்டாமாண்டில் 2,000, மூன்றாமாண்டில் 1,000, பிறகு சலுகை கிடையாது. தொகையும் காலமும் வங்கிக்கு வங்கி மாறும். ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டு என்பது மாதத்துக்கு 84 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. வேலையில் இருப்பவரால் தாங்கக்கூடிய தொகைதான். ஆனால், வரம்பு பெரும்பாலும் மாதந்தோறும் குறைவதில்லை. ஆண்டு முழுவதும் அசையாமல் இருந்துவிட்டு, ஒரே நாளில் ஆயிரம் பவுண்டு இறங்குகிறது. பதினோரு மாதங்கள் எதுவும் நடக்காததால், எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற எண்ணம் இளைஞர்களுக்கு வந்துவிடுகிறது.

அந்த நாள் வரும்போது கணக்கு பழைய ஆழத்திலேயே இருந்தால் என்ன ஆகும்? சில வங்கிகளில் வரம்பைத் தாண்டிய தொகைக்கு வட்டி ஏறத் தொடங்கும். சிலவற்றில் அது அனுமதியில்லாத பற்றாகக் கருதப்படும். கணக்கிலிருந்து தானாகக் கட்டப்படும் வாடகையும் மின் கட்டணமும் பணமின்றித் திரும்பும். கடன் வரலாற்றில் கறை விழும். வீடு வாடகைக்கு எடுக்கும்போதும், பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கும்போதும் அந்தக் கறை முன்னால் வந்து நிற்கும்.

வட்டி விகிதத்துக்கும் ஒரு பின்னணி உண்டு. முன்பு பிரிட்டன் வங்கிகள் ஓவர்டிராஃப்டுக்கு நாள் கட்டணம், மாதக் கட்டணம், வரம்பு மீறினால் தனிக் கட்டணம் எனப் பலவிதமாக வசூலித்தன. 2017இல் ஓவர்டிராஃப்ட் மூலம் வங்கிகள் ஈட்டிய வருவாய் 240 கோடி பவுண்டுக்கு மேல் என்று வங்கிகளைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையம் கண்டறிந்தது. அனுமதியில்லாத பற்றுக்கு 2016இல் வசூலான கட்டணத்தில் பாதிக்கு மேல், வெறும் 1.5 சதவீத வாடிக்கையாளர்களிடமிருந்து வந்திருந்தது. மிகவும் நொடித்துப்போனவர்கள்தான் மிக அதிகம் கட்டினார்கள். எனவே, இந்த நிலையான கட்டணங்களைத் தடைசெய்து, ஒரே ஆண்டு வட்டி விகிதமாக மட்டுமே வசூலிக்க வேண்டும், அனுமதியில்லாத பற்றுக்குக் கூடுதல் விகிதம் கூடாது என்று ஆணையம் உத்தரவிட்டது. 2020 ஏப்ரல் 6 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நோக்கம் நல்லது. ஆனால், சில வங்கிகளில் 20 சதவீதத்துக்கு அருகே இருந்த வட்டி, பெரிய வங்கிகள் பலவற்றில் ஒன்றுபோல 40 சதவீதத்தை ஒட்டிப் போய் நின்றது.

சலுகை முடியும் பட்டதாரி இந்த 40 சதவீதத்தின் மேல்தான் இறங்குகிறார். 1,500 பவுண்டு பற்றில் இருக்கும் ஒருவருக்கு 39.9 சதவீத விகிதத்தில் ஒரு மாத வட்டி சுமார் 42 பவுண்டு. ஆண்டு முழுவதும் அப்படியே விட்டால் ஏறத்தாழ 600 பவுண்டு. நேற்று வரை செலவே இல்லாதிருந்த கடன், இன்று கடன் அட்டைகள் பலவற்றைவிட விலை கூடிய கடனாகிவிடுகிறது.

முதல் சம்பளத்துக்கு முந்தைய மாதங்கள்

படிப்பு முடிந்த பிறகான முதல் ஆண்டு ஓர் இளைஞரின் வாழ்க்கையில் வரவு மிகக் குறைந்து செலவு மிகக் கூடும் ஆண்டு. வாழ்க்கைச் செலவுக் கடனின் கடைசித் தவணை கடைசிப் பருவத்தின் தொடக்கத்தில், ஏப்ரல் வாக்கில் வந்து முடிந்துவிடுகிறது. வேலை வேறு ஊரில் கிடைத்தால் முன்பணம் கட்ட வேண்டும். இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டின் வாடகைதாரர் கட்டணச் சட்டம் அந்த முன்பணத்தைப் பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகை என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. அதனுடன் முதல் மாத வாடகையையும் சேர்த்தால் லண்டனில் ஓர் அறைக்கே பெருந்தொகை. வேலைக்குத் தகுந்த உடை, ரயில் பாஸ் எல்லாம் அதற்கு மேல். சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். வேலை கிடைக்காமல் அரசின் யுனிவர்சல் கிரெடிட் உதவிக்கு விண்ணப்பித்தாலும், முதல் தொகைக்குச் சுமார் ஐந்து வாரங்கள் காத்திருக்க வேண்டும். வரம்பைக் குறைக்கும் முதல் படி வந்து சேரும்போது, இந்த ஆண்டின் செலவுகளிலிருந்தே அவர் இன்னும் மீண்டிருக்க மாட்டார்.

இப்போது அரசின் கடனைப் பாருங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்தில் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களுக்கான திட்டத்தில், ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால் மட்டும், தாண்டிய தொகையில் 9 சதவீதம் பிடிக்கப்படுகிறது. 30,000 பவுண்டு சம்பாதிப்பவர் ஆண்டுக்குக் கட்டுவது 450 பவுண்டு. வேலை போனால் பிடித்தமும் தானாக நின்றுவிடும். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. வாரம் 37.5 மணி நேரம் ஆண்டு முழுவதும் உழைத்தாலும் கிடைத்தது 23,800 பவுண்டு அளவில்தான். ஆகவே, அந்த ஊதியத்தில் இருக்கும் பட்டதாரியிடம் அரசு ஒரு பவுண்டுகூடக் கேட்பதில்லை. வங்கி ஆயிரம் பவுண்டு கேட்கிறது. பல்லாயிரம் பவுண்டு கடன் கொடுத்தவர் காத்திருக்கிறார். மூவாயிரம் கொடுத்தவர் காத்திருப்பதில்லை.

அரசின் கடனில் வட்டி ஏறுகிறது, அது நாற்பது ஆண்டுகள் தொடரும் என்பதெல்லாம் உண்மை. அதன் குறைகளை மறைத்து அதைக் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால், திருப்பிச் செலுத்தும் திறன் வந்த பிறகே திருப்பிக் கேட்பது என்ற கொள்கை சரியானது. ஓவர்டிராஃப்டோ, சட்டப்படி, வங்கி கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய கடன். மாணவர் கணக்குக்கான விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது வட்டியில்லாத் தொகை. இந்த நிபந்தனை அல்ல.

2007 காட்டிய வழி

வங்கிகள் மனம் மாறாது என்பவர்களுக்கு 2007ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டும். அந்தக் கோடையில் எச்.எஸ்.பி.சி. வங்கி, புதிய பட்டதாரிகளுக்குத் தந்துவந்த வட்டியில்லாச் சலுகையை நிறுத்தி, 1,500 பவுண்டு வரையிலான பற்றுக்கு 9.9 சதவீத வட்டி வசூலிக்கத் தொடங்கியது. மாணவர்கள் விடுமுறையில் சிதறிக் கிடந்த நேரம். தேசிய மாணவர் சங்கத்தின் துணைத் தலைவராக இருந்த வெஸ் ஸ்ட்ரீட்டிங், அப்போது புதிதாகப் பரவிக்கொண்டிருந்த ஃபேஸ்புக்கில் ஒரு குழுவைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான மாணவர்களும் பட்டதாரிகளும் சேர்ந்தார்கள். கணக்கை வேறு வங்கிக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் வங்கி பின்வாங்கியது. பிடித்த வட்டியைத் திருப்பித் தருவதாகவும் சொன்னது.

வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காகவே தரப்படும் சலுகை இது. எனவே, அந்த வாடிக்கையாளர்கள் ஒன்றுசேர்ந்து பேசினால் வங்கி கேட்டே ஆக வேண்டும். இன்றைய மாணவர் சங்கங்கள் கல்விக் கட்டணத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்தச் சிறு கடனைப் பற்றிப் பேசுவதில்லை. பேச வேண்டும்.

பட்டதாரிகள் செய்யக்கூடியது

விதிகள் மாறும் வரை இருக்கும் விதிகளுக்குள் வாழ்ந்தாக வேண்டும். முதலில் செய்ய வேண்டியது, வரம்பு எந்தத் தேதியில் எவ்வளவு குறையும் என்பதை வங்கியிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வது. அடுத்து, அந்தப் படியை மாதங்களாகப் பிரித்துக்கொள்வது. சம்பளம் வந்த மறுநாளே ஒரு தொகையைப் பற்றில் கட்டி, வரம்பையும் அதே அளவுக்குக் குறைக்கச் சொல்லி வங்கியிடம் கேட்டால், கட்டிய பணம் மீண்டும் செலவாகிவிடாது. வேறு வங்கியின் பட்டதாரிக் கணக்கில் கூடுதல் காலமோ வரம்போ கிடைக்குமா என்று பார்ப்பதும் பயன் தரும். 2013 முதல் நடைமுறையில் இருக்கும் கணக்கு மாற்றுச் சேவையில் ஏழு வேலை நாட்களில் கணக்கை மாற்றிவிடலாம். பற்றை ஏற்றுக்கொள்வதா என்பது மட்டும் புதிய வங்கியின் முடிவு. சம்பள முன்கடன் தரும் நிறுவனங்களின் பக்கம் போகக் கூடாது. 2015 முதல் அவற்றின் வட்டிக்கு நாளொன்றுக்கு 0.8 சதவீதம் என்ற உச்சவரம்பு இருக்கிறது. அந்த வரம்புக்குள்ளேயே, வாங்கிய தொகைக்குச் சமமான தொகையை வட்டியாகவும் கட்டணமாகவும் இழக்க நேரிடலாம்.

கட்டவே முடியாத நிலை என்றால், தேதிக்கு முன்பே வங்கியிடம் சொல்லிவிட வேண்டும். சிரமத்தில் இருக்கும் வாடிக்கையாளரைப் பரிவுடன் நடத்த வேண்டும், ஓவர்டிராஃப்டிலேயே தொடர்ந்து கிடப்பவர்களை அடையாளம் கண்டு உதவ வேண்டும் என்பது நிதி நடத்தை ஆணையத்தின் விதி. வட்டியை நிறுத்திவைக்கும்படியும், சிறு தவணையாகக் கட்ட அனுமதிக்கும்படியும் கேட்கலாம். ஒன்றை மறக்கக் கூடாது: பற்றில் இருக்கும் கணக்கில் சம்பளம் விழுந்தால், வரம்பு குறைந்த நாளில் அது அந்தப் பற்றுக்கே போய்விடும். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்றும் மிஞ்சாது என்ற நிலை வருவதற்குள், வேறொரு வங்கியில் ஓவர்டிராஃப்ட் இல்லாத அடிப்படைக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, சம்பளத்தை அங்கே வாங்குவது நல்லது. 2016 முதல் ஒன்பது பெரிய வங்கிகள் இத்தகைய கணக்கைக் கட்டணமின்றித் தருகின்றன.

ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகிய அறக்கட்டளைகள் இலவசமாகக் கடன் ஆலோசனை தருகின்றன. ஆலோசகர் வழியாக, 2021 மே மாதம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வந்த மூச்சுவிடும் கால அவகாசத் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அதில் 60 நாட்களுக்கு வட்டியும் வசூல் நடவடிக்கையும் நிற்கும். வங்கி நியாயமாக நடக்கவில்லை என்றால் எழுத்தில் புகார் தர வேண்டும். எட்டு வாரங்களில் தீர்வு வராவிட்டாலும், வந்த தீர்வு ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலும், நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குச் செலவு கிடையாது.

நம் குடும்பங்களுக்கு

லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முதல் தலைமுறை இந்தப் பிள்ளைகள்தான். இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்து, கடையிலும் பெட்ரோல் நிலையத்திலும் இரவு பகலாக நின்று பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோர்களுக்குக் கடன் என்றாலே மனம் பதறும். அதை அறிந்த பிள்ளைகள் மூவாயிரம் பவுண்டு பற்றை மறைக்கிறார்கள். மறைத்த கடனுக்கு உதவி வருவதில்லை. வட்டி தொடங்கிய பிறகுதான் வீட்டுக்கு விஷயம் தெரிகிறது. அம்மாவும் அப்பாவும் இதைக் குற்றமாகப் பார்க்காமல், படிப்புச் செலவின் ஒரு பகுதியாகப் பார்க்க வேண்டும். “உன் கணக்கு எவ்வளவு மைனஸில் இருக்கிறது?” என்று கடைசி ஆண்டுப் பிள்ளையிடம் அமைதியாகக் கேட்டாலே பாதிப் பாரம் இறங்கிவிடும். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நேரடியாகப் படிக்கப் போகும் மாணவர்களோ, இந்த வட்டியில்லாச் சலுகையை நம்பித் திட்டமிடக் கூடாது. பிரிட்டனில் சில ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்று பல வங்கிகள் நிபந்தனை வைத்திருப்பதால், பெரும்பாலும் அது அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

மாற வேண்டியவை

வங்கி தர்மச் சத்திரம் அல்ல, எல்லையில்லாமல் வட்டியில்லாப் பணம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது என்பது நியாயமான எதிர்வாதம். வரம்பு குறையாவிட்டால் பலர் முப்பது வயதிலும் பற்றிலேயே கிடப்பார்கள் என்பதும் உண்மை. ஆகவே, படிகளை ஒழிக்கச் சொல்லவில்லை. படிகள் எங்கே தொடங்க வேண்டும், எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

மூன்று மாற்றங்கள் போதும். முதலாவது, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆறு மாதங்கள் தொடர்ந்து சம்பளம் வந்த பிறகே வரம்பு குறையத் தொடங்க வேண்டும். அரசுக் கடனுக்கான 25,000 பவுண்டையே அளவாக வைத்துக்கொள்ளலாம். வங்கிக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால், இந்தக் காத்திருப்புக்கு இரண்டு ஆண்டு உச்சவரம்பு வைக்கட்டும். சம்பளம் வருகிறதா என்பதைக் கண்டுபிடிக்க விசாரணை எதுவும் தேவையில்லை. பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் அது விழுகிறது. இரண்டாவது, ஆண்டுக்கு ஆயிரம் என்பதை மாதத்துக்கு எண்பத்துச் சொச்சமாக வங்கியே பிரித்துக் குறைக்க வேண்டும். மூன்றாவது, வரம்பு குறையும் அட்டவணை, படிப்பின் கடைசி ஆண்டு தொடங்கும்போதே தொகையும் தேதியுமாக மாணவர் கைக்கு வர வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. வாடிக்கையாளருக்கு வரக்கூடிய, முன்கூட்டியே ஊகிக்கத்தக்க பாதிப்பைத் தவிர்ப்பது நிறுவனங்களின் பொறுப்பு என்று 2023 ஜூலை 31 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் கடமை விதி சொல்கிறது. வருமானம் இல்லாத 22 வயது இளைஞரிடம் ஒரே நாளில் ஆயிரம் பவுண்டு கேட்டால் அவர் 40 சதவீத வட்டியில் விழுவார் என்பதைவிட எளிதாக ஊகிக்கத்தக்க பாதிப்பு வேறென்ன இருக்கிறது? ஆணையம் இந்த விதியைப் பட்டதாரிக் கணக்குகளுக்கு எப்படிப் பொருத்துகிறது என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். மாணவர் சங்கங்கள், அடுத்த செப்டம்பரில் வளாகத்துக்கு வந்து கணக்குப் பிடிக்கும் ஒவ்வொரு வங்கியிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: படிப்பு முடிந்தும் வேலை கிடைக்கவில்லை என்றால் இந்தக் கடனை என்ன செய்வீர்கள்? அதற்கான பதிலை, பதினெட்டு வயதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுத்தில் பெறும் உரிமை ஒவ்வொரு மாணவருக்கும் வேண்டும்.